பூண்டு உரிக்கும் சத்தம்

இருபதாம் தேதி. ராத்திரி பன்னிரண்டுக்குள்
ஒன்பது கடைகளின் ஜிஎஸ்டி ஏற்றியாக வேண்டும்.
ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.
உட்கார்ந்து,
குக்கர் கேஸ்கட்டை ஆராய்ந்தேன்.
கொசுவலை ஓட்டையைத் தைத்தேன், பாதி.
சயான் ஸ்டேஷனின் பெயர்
எல்லை என்ற சொல்லிலிருந்து வந்த கதையை
ஒன்றேகால் மணிநேரம் படித்தேன்.
யார் கேட்டாலும் இப்போது சொல்வேன்.
யாரும் கேட்கவில்லை.

முப்பத்தாறு வயதில்தான்
நான்கு ஆங்கில எழுத்துகளை
டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
அதுவரை என் பெயர்
சோம்பேறி, ஓட்டை வாளி,
மூளை இருக்கு பொறுப்பு இல்ல.
சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.
எங்கே என்றுதான் தெரியவில்லை.

மாத்திரை உண்டு.
மாத்திரையை ஞாபகப்படுத்த அலாரம் உண்டு.
அலாரத்தை நிறுத்திய கை
எதற்காக நீண்டோம் என்று
அந்தரத்தில் நிற்பதும் உண்டு.

எதிர்வீட்டு ஷெவந்தாவுக்கு
ஓட்டல்காரன் பூண்டு மூட்டை எறிந்துவிட்டுப் போவான்.
உரித்துக் கொடுத்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய்.
அவள் வீட்டு மின்விசிறி புகைந்துபோன மே மாதம்
மூட்டையும் கையுமாய் என் வாசலில் நின்று
"பஸூ கா?" என்றாள்.
உட்காரட்டுமா என்று அர்த்தம்.
உட்கார்ந்தாள்.

சர்ரென்று தோல் கழன்றது.
எவர்சில்வர் பேசினில்
டங்கென்று விழுந்தது முதல் பல்.
பிறகு பல்லின்மேல் பல் விழ
ஓசை மெத்தென்று ஆனது.
நான் முத்துப்பேச்சி டயர்ஸ் முடித்தேன்.
கோமதியம்மாள் பேப்பர் மார்ட் முடித்தேன்.
தலைக்குள் திறந்து கிடக்கும் நாற்பது கதவுகளும்
அன்றும் காற்றில் அடித்துக்கொண்டுதான் இருந்தன.
ஆனால் ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்கிற வீட்டில்
எழுந்து எங்கே போவது?

அவள் என்னைக் காவல் காக்கவில்லை.
திரையில் என்ன என்று கேட்டதே இல்லை.
ஒரே ஒருமுறை
தண்ணீர் குடிக்க எழுந்த நான்
ஃபிரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தபோது
தலை நிமிராமல் "ஹம்" என்றாள்.
நாற்காலிக்குத் திரும்பினேன்.

விசிறி சரியான அன்று எனக்கு வயிறு கலங்கியது.
மறுநாளும் வந்தாள்.
அங்கே கை ஓடமாட்டேன் என்கிறது என்றாள்,
அல்லது என் அரைகுறை மராத்திக்கு
அப்படிக் கேட்டது.

இன்றைக்கு அவள் இல்லை.
கல்யாணில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் பூசுகிறார்கள்.
பேசினும், நாலு கிலோ மிச்சமிருக்கும் மூட்டையும்
அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.
தள்ளாடித் தள்ளாடி ஏழு கடை முடித்துவிட்டேன்.
எட்டாவதைத் திறக்கும் முன்
சத்தத்துக்காக, சத்தத்துக்காக மட்டும்,
ஒரு பூண்டை எடுத்து உரித்தேன்.

ஒரு பல்லிலும் தோல் ஒட்டவில்லை.
ஒரு பல்லிலும் நகம் படவில்லை.
பசிக்கவில்லை. போன் அடித்ததாம், கேட்கவில்லை.
இத்தனை ஒழுங்காய் ஒரு வேலையை
என் ஆயுளில் நான் செய்ததில்லை.
நிமிர்ந்தபோது மூட்டை காலி,
மணி பன்னிரண்டே கால்.

இரண்டு கடைக்குத் தாமதக் கட்டணம்
நாளுக்கு ஐம்பது, ஐம்பது. என் கைக்காசு.
ஷெவந்தாவின் விரல்களில் அது இருபது கிலோ.

விரல்நுனி எரிகிறது. விசைப்பலகை முழுக்கப் பூண்டு வாசம்.
காலையில் வருவாள். நிரம்பிய பேசினைப் பார்ப்பாள்.
அடுத்த மூட்டை சாயங்காலம்தான்.
உரிக்க ஒன்றுமில்லை, ஆனாலும்
சும்மா வந்து உட்கார் என்பதை
மராத்தியில் எப்படிச் சொல்வார்கள் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்,
எட்டாவது கடை
திறந்தபடி இருக்க.